வெர்ன் காலவேயின் சாதனைகள், நான் எழுதியவரை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. ஒஹையோவில் நாங்கள் ஆடிய பேஸ்பால் அணி, வெர்ன் காலவேக்கு வெண்கலச் சிலை வைக்கிறது. பீடத்தில் பொறிக்க அவன் சாதனைகளை எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். நானும் அதே அணியில் பந்து வீசியவன்தான். எனக்குச் சிலை வைக்கும் யோசனை யாருக்கும் வரவில்லை.

2

முதல் தொடக்கம்: 'இருபது ஆண்டுகள் பந்து வீசி, முந்நூறு வெற்றிகளைக் குவித்த…' (குவித்தானாம். சோளமா குவிக்க?)

இரண்டாவது: 'அவன் கையிலிருந்து பந்து புறப்படும்போது…' அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அழகாக வந்துகொண்டிருந்தது.

"வெண்கலத்தப் பாத்து வயிறெரியுற மனுஷன இப்பதான் பாக்குறேன்," என்றாள் என் மனைவி மார்ஜ்.

3

சரி, ஒரே ஓர் ஆட்டத்தை மட்டும் சொல்கிறேன். எதிரணிக்காரன் எவனையும் பந்தை அடித்து முதல் தளம் சேர விடாமல் வெர்ன் மொத்தம் ஒன்பது இன்னிங்ஸில் ஏழை வீசி முடித்திருந்தான். மிச்சம் இரண்டும் அப்படியே போனால் சரித்திரம். அந்த நேரத்தில் வீசுபவனிடம் யாரும் பேசக் கூடாது, பேசினால் ராசி போய்விடும். எல்லா அணியிலும் இதுதான் வழக்கம். அவன் பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் மற்றவர்கள் தள்ளிப் போனார்கள். பயிற்சியாளர் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பெஞ்சின் மறுகோடியில் இருந்தேன். அவன் தோற்க வேண்டும் என்று மனதார… (இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும்.)

வெர்ன் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஏதாவது பேசுடா, லூ. பயமா இருக்கு. எல்லாவனும் பொணத்தப் பாக்குற மாதிரி ஒதுங்கிப் போறானுங்க. என் ராசி போனாலும் கவலப்படாத ஆளு இங்க நீ ஒருத்தன்தான்."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

4

அந்த ஆட்டத்தில் கடைசிவரை எதிரணிக்காரன் எவனும் பந்தை அடித்துத் தளம் சேரவில்லை. ஊரே பார்த்ததை நான் மாற்ற முடியாது. நான் பேசினேனா என்பதை மட்டும் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம்.

பேசினேன் என்று எழுதினால், அவன் பயத்தைப் போக்கியவன் நான். வாய் திறக்கவில்லை என்று எழுதினால், அவன் ராசியைக் காத்தவன் நான். இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டேன். இரண்டிலுமே அவன் எழுந்து மைதானத்துக்குப் போகிறான், நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

வாசகரே, அந்தப் பெஞ்சில் அவன் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் என்ன செய்தேன் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னைவிட நன்றாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.