மெஜிரோவுக்குப் பிடித்து வைத்த இடம்

ஹிரோஷிமா அரங்கின் கதவு திறந்ததும் "ஓடாதீங்க, ஓடாதீங்க" என்று பணியாள் கத்த ஆரம்பித்தான். யாரும் ஓடவில்லை. முழங்காலை மடக்காமல், வாத்துக் கூட்டம் கலைந்தது மாதிரி விரைந்து நடந்தார்கள். ஓடினால் வெளியே பிடித்துத் தள்ளுவார்கள், நடந்தால் முதல் வரிசை போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நடையை இந்த ஜனங்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். சிகுசா அந்த நடையில் கெட்டிக்காரி. மேடைக்கு முன்னால் இருந்த இரும்புக் கம்பியை, இட்சுகி கிதார் வாசிக்கும் இடது ஓரத்தில் எட்டிப் பிடித்தாள். பிறகு பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, தனக்குப் பக்கத்தில், ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்குக் கம்பியின்மேல் விரித்துப் போட்டாள்.

ஒசாகாவில் கருவாட்டு மொத்த வியாபாரம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவள் சிகுசா. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மே மாதத்துத் தொடர் விடுமுறை வந்தால் 'கராசு உரி' இசைக்குழு எந்தெந்த ஊருக்குப் போகிறதோ அங்கெல்லாம் அவளும் போவாள். அப்பாவிடம் சிநேகிதியோடு வெந்நீர் ஊற்றுக்குப் போவதாகச் சொல்லுவாள். வெந்நீரில் ஊறப் போனவள் ஏன் தொண்டை கட்டித் திரும்புகிறாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நல்ல வியாபாரி, பதில் பிடிக்காது என்று தெரிந்த கேள்வியைக் கேட்கமாட்டார்.

சிநேகிதி என்று சொன்னது மட்டும் பொய்யில்லை. அவள் பெயர் மெஜிரோ. அதாவது, மெஜிரோ என்றுதான் அவள் சொல்லிக்கொள்வாள். அது ஒரு சின்னக் குருவியின் பெயர். சிகுசாவுக்கு இந்த வரிசையில் நெத்திலி என்று அர்த்தம் வருகிற நிபோ என்று பெயர். சொந்தப் பெயரைக் கேட்பதும் வீடு எங்கே என்று விசாரிப்பதும் இங்கே அநாகரிகம். ஆகவே பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரே கம்பியைப் பிடித்து நின்று, ஒரே பாட்டுக்கு அழுது, ஒரே ரயிலில் தோளில் சாய்ந்து தூங்கியும் மெஜிரோ யார் என்று சிகுசாவுக்குத் தெரியாது. போன குளிர்காலத்தில் அவள் மணிக்கட்டு மெலிந்திருந்தது. கடைசிப் பாட்டுக்குக் கம்பியில் நெற்றியை வைத்துக் குனிந்துகொண்டாள். மார்ச்சில் ஒரு செய்தி வந்தது: 'மே மாசம் எல்லா ஊருக்கும் வர்றேன். நீ எனக்கு இடம் பிடிச்சு வை.' அதற்கப்புறம் சிகுசா அனுப்பின எதையும் அவள் படித்ததாக அடையாளம் விழவில்லை.

ஏதாவது ஆகியிருந்தால் யார் வந்து சொல்லுவார்கள்? அவள் வீட்டாருக்கு நிபோ என்று ஒருத்தி இருப்பதே தெரியாதே. சொல்ல ஆளில்லாத ஊரில் அந்த இடத்தை விட்டுக்கொடுத்தால், மெஜிரோ இனி இல்லை என்று சிகுசாவே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

"நிபோ, யாருடி துண்டு அது?"

ரோக்கு கேட்டாள். முதல் வரிசைக்கு யாரும் நியமிக்காத அதிகாரி அவள். பல் வைத்தியரிடம் உதவியாளாக வேலை. அவள் கேட்டால் வாயைத் திறக்காமல் இருக்கமுடியாது.

"மெஜிரோவோடது, அக்கா. வந்துட்டிருக்கா."

"ஃபுகுவோகாலயும் இதையேதான் சொன்னே. நடந்தா வர்றா?"

"இன்னிக்கு ஒருநாள் விட்டுக்குடுங்கக்கா. நாகோயால நீங்க சொன்னபடி கேக்கறேன்."

"நாகோயாலயும் பேரம் பேசுவே. உங்க கடைல கருவாடு வாங்கறவன் பாவம்."

விளக்கு அணைந்தது. அதற்கப்புறம் யாருக்கும் யாரும் இல்லை, மேடைதான்.

நிகழ்ச்சி முடிந்து, பானம் வாங்கிக்கொள்ள நுழைவில் கொடுத்த வில்லைகளை மாற்றப் போனாள். சீட்டு இரண்டு கொடுத்ததால் வில்லையும் இரண்டு. தனக்கு பீர், மெஜிரோவின் பேரில், அவள் குடிக்கிற ஐஸ் போடாத ஊலாங் தேநீர். எடுத்துக்கொண்டு போய் வெளியே வைத்துவிட்டு வருவது என்று ஒரு நினைப்பு. பைக்குள் கையை விட்டால் ஒரு வில்லைதான் அகப்பட்டது.

"உங்க கூட வந்தவங்க அப்பவே வாங்கிட்டாங்களே," என்றான் பானக் கடைப் பையன். "ஊலாங். ஐஸ் வேணாம்னாங்க."

நெரிசலில் வில்லை விழுந்திருக்கும், எவளோ பொறுக்கியிருப்பாள். ஐஸ் வேண்டாம் என்பவர்கள் நாட்டில் நிறையப் பேர். சிகுசா இப்படியெல்லாம் கணக்குச் சொல்லிக்கொண்டாள். அவளுக்கு அவளே சரக்கு விற்பது மாதிரி இருந்தது. வாங்குகிறவள் நம்பவில்லை.

நாகோயாவில் ரோக்கு திட்டியபடியே மறுபடி விட்டுக்கொடுத்தாள். நிகழ்ச்சி முடிந்து விளக்கு வந்ததும், பின்வரிசையிலிருந்து ஒரு பெண் சிகுசாவின் முதுகைத் தட்டினாள். இருபது வயதிருக்கும். கண்மை கன்னம்வரை வழிந்திருந்தது.

"உங்க ஃப்ரெண்டுக்கு ஒடம்பு ஏதும் சரியில்லையா? என் கால மிதிச்சுட்டாங்க. அதெல்லாம் பரவால்ல. சாரின்னு சொன்னாங்க, கை பட்டுச்சு, அவ்வளவு ஜில்லுனு இருந்துச்சு."

"யாரு?"

"இதோ, உங்க பக்கத்துல நின்னவங்க."

"பாக்க எப்படி இருந்தா?"

அந்தப் பெண் முழித்தாள். "இட்சுகி தனியா வாசிச்சிட்டிருந்தாருக்கா. அந்த நேரத்துல பக்கத்துல யாரு மூஞ்சிய பாப்பா?"

நியாயம்தான். சிகுசாவும் பார்த்ததில்லை. ரயிலில்கூட இருவரும் ஒரே திசையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். இத்தனை வருஷத்தில் மெஜிரோவின் முகத்தைவிட அவள் முழங்கைதான் இவளுக்கு அதிகப் பழக்கம். இன்றைக்கும் இரண்டாவது பாட்டிலிருந்து இடது விலாவில் ஒரு முழங்கை இடித்துக்கொண்டே இருந்தது. கூட்டத்தில் யாராவது இடிப்பார்கள் என்று அவள் இருந்துவிட்டாள். அது இடித்த விதம், மெதுவாக இரண்டு தரம், பிறகு ஒரு அழுத்தம், 'பாரு பாரு, இந்த இடத்தப் பாரு' என்பது மாதிரி. உடம்பு அதற்குப் பதிலும் சொல்லியிருந்தது. திருப்பி இடித்திருந்தாள்.

அன்று ஓட்டலில் குளிக்கும்போது இடது பக்கம் திரும்பாமலே குளித்தாள்.

கடைசி ஊர் செண்டாய். சீட்டைக் கைமாற்றி விற்கிறவர்களின் தொல்லை தாங்காமல், அங்கே மட்டும் சொந்தப் பெயரைக் கூப்பிட்டு அடையாள அட்டையைப் பார்த்துத்தான் உள்ளே விடுவது என்று ஏற்பாடு. சிகுசாதான் ஜனவரியில் இருவருக்கும் விண்ணப்பித்தாள். ஆனால் உடன் வருபவர் தன் பெயரைத் தானே பதிந்துகொள்ள வேண்டும். அந்தப் பெயர் சிகுசாவின் கண்ணில் படவே இல்லை.

வரிசையில் ரோக்கு பக்கத்தில் வந்து நின்றாள். இந்த முறை குரலில் பல் வைத்தியசாலை இல்லை.

"நிபோ, போதும்டி. அவ வரமாட்டா. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த இடத்த யாராவது சின்னப் பொண்ணுக்குக் குடு. வாசல்ல எத்தன பேரு அழுதுட்டு நிக்குதுங்க பாரு."

"பிடிச்சு வைன்னு சொல்லிட்டுப் போனாக்கா."

"சொன்னவ இருந்தாத்தானே வாங்கிக்க?"

பேரம் பேச வாயில் ஒன்றும் வராதது சிகுசாவுக்கு அதுதான் முதல் தடவை.

"அமெமோரி சிகுசா!" என்று கூப்பிட்டார்கள். அட்டையைக் காட்டினாள். எல்லார் எதிரிலும் தன் பெயரைக் கேட்டபோது துணி அவிழ்ந்தது போலக் கூசியது.

"இன்னொரு சீட்டு?"

"அவ கொஞ்சம் பின்னால வர்றா. அவ சீட்டையும் நானே குடுத்துட்டுப் போகட்டுமா?"

"ஆள் வந்தாத்தாங்க." பணியாள் கையிலிருந்த கருவியைப் பார்த்தான். தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டான். "நுமாதா இசோகோ! நுமாதா இசோகோ இருக்காங்களா?"

இசோகோ. கூட்டுறவு வங்கியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவளுக்கு வைக்கிற பெயர். குருவிக்கும் அதற்கும் ஒட்டே இல்லை. இனி போனில் அந்தப் பெயரைத் தட்டினால் போதும். எந்த ஊர், யார் மகள், இருக்கிறாளா, எப்போது போனாள், எல்லாம் வந்து விழும். சிகுசாவின் கட்டைவிரல் போன்மேல் நின்றது. தட்டவில்லை.

"இருக்கேன்."

காதுக்குப் பின்னால், மிக அருகில். சின்னக் குரல்.

பணியாள் சிகுசாவின் தோளுக்கு மேலே பார்த்தான். கீழே குனிந்து எதையோ சரிபார்த்தான். "நன்றி. படி இருட்டா இருக்கும், பாத்துப் போங்க," என்றான். இரண்டு சீட்டையும் கிழித்தான்.

சிகுசா திரும்பவில்லை. அந்த நடையை நடந்தாள். படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டதா, இன்னொன்றும் கேட்டதா என்று எண்ணவில்லை. கம்பியைப் பிடித்தாள். பையிலிருந்து துண்டை எடுக்கவில்லை. வலது ஓரத்திலிருந்து ரோக்கு ஏதோ திட்ட வாயைத் திறந்தாள். சிகுசாவுக்கு அடுத்த இடத்தைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு, மேடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விளக்கு அணைந்தது. மேடையின் அடியிலிருந்து வெண்புகை கிளம்பி, கம்பியைத் தாண்டி முதல் வரிசையின்மேல் மெதுவாக வழிந்தது. பின்னால் நூற்றுக்கணக்கானவர்கள் நெருக்கினார்கள். சிகுசாவின் இடப்பக்கத்துக்குள் மட்டும் ஒருவரும் வந்து விழவில்லை. அங்கே, அவள் தோள் உயரத்தில், புகை சன்னமாகத் திரண்டு உள்ளே போயிற்று. சற்று நின்று, வெளியே வந்தது. யாரோ மூச்சு விடுவது போல, மறுபடி உள்ளே போயிற்று.

இட்சுகி நிற்கப்போகும் இருட்டையே பார்த்தபடி, புதுச் சரக்கை நாக்கில் வைத்துப் பார்ப்பது போல, சிகுசா உதட்டை அசைத்தாள்.

"இசோகோ-சான்."

உள்ளே போய்க்கொண்டிருந்த புகை, பாதியில் நின்றது.