கேரியர் இல்லாத சைக்கிள்

அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் அவன், இரண்டு தலையணைகளுக்கு முதுகைக் கொடுத்து, மூச்சை வாயால் இழுத்துக்கொண்டு. கால்மாட்டில் அவனுடைய அக்கா, வந்ததிலிருந்து அழுவதும் கண்ணைத் துடைப்பதும் மறுபடி அழுவதுமாக. ஜன்னலோரம் தம்பி, பட்டறையில் போட்டிருந்த கறை படிந்த சட்டையை மாற்றக்கூட நேரமில்லாமல். முக்காலியில் சைக்கிள் கடைக்காரர். தெருவில் எல்லோருக்கும் அவர் டைனமோ, யாராவது சுற்றிவிட்டால் போதும், அணையாமல் பேசுவார் என்பதால். கதவருகே மருந்துக் கிண்ணமும் கையுமாக அவன் மனைவி. நடுவில் நடக்க இடமில்லாமல் இரண்டு சைக்கிள்கள்.

ஒன்று சிவப்பு. புத்தம் புதியது. முன்னால் கூடை, பின்னால் அகலமான கேரியர், கனமான ஸ்டாண்டு, சங்கிலிக்கு முழு மூடி. இன்னொன்று கறுப்பு. யாரோ ஓட்டி விற்றது. எலும்பும் தோலுமாக இருந்தது. கேரியர் இல்லை, கூடை இல்லை, மணிகூட இல்லை.

"இந்த நெலமையில வீட்டுக்குள்ள சைக்கிள் கடை வைக்கணுமாடா?" என்றாள் அக்கா.

"வேற எந்த நெலமையில வைக்கிறது? நான் போனப்புறம் வச்சா எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் அவன்.

அதைக் கேட்டு அக்கா மறுபடி அழுதாள்.

காலையில் வந்த நர்ஸ் போகும்போது மனைவியை வெளியே கூப்பிட்டு, "இன்னைக்கு யாரும் தூரமா போகாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் மனைவி உள்ளே வந்தபோது அவன் அவள் முகத்தைப் பார்த்தான். தம்பியைக் கூப்பிட்டான். டைனமோவையும் இரண்டு சைக்கிள்களையும் மேலே கொண்டுவரச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றான். நிற்க முடியாதவன் அப்படி நின்றால் யார்தான் மறுப்பது?

அவன் கண்ணாடித் தொழிற்சாலையில் பாட்டில்களை விளக்கு வெளிச்சத்தில் உருட்டிப் பார்க்கும் வேலையில் இருந்தவன். குமிழி, கீறல், கோணல் இருந்தால் எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதும் அப்படித்தான் பார்த்தான் என்று அவள் எல்லோரிடமும் சொல்வாள். "தொட்டியில போடாம விட்டேன்ல, அதுக்கு நன்றி சொல்லு" என்பான் அவன்.

அவளுக்குச் சலவைத் தொழிற்சாலையில் வேலை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளை உருளை இஸ்திரி மெஷினுக்குள் விட வேண்டும். விடிவதற்குள் அங்கே இருந்தாக வேண்டும். பிந்தி வருகிறவளின் மெஷினை அடுத்தவள் பிடித்துக்கொள்வாள். பிந்தியவள் அன்றைக்கு ஊறல் தொட்டிப் பக்கம் போய் நாள் முழுக்க ஈரத்தில் நிற்க வேண்டியதுதான். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. அவன்தான் தினமும் பழைய சைக்கிளில் அவளைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டுபோய் விடுவான். சாயங்காலம் அவனே கூட்டிவருவான். மூன்றாவது மாடிக்கு அந்த இரும்பைத் தோளில் போட்டுத் தூக்கிவருவதும் அவன்தான். கீழே விட்டால் காலையில் எலும்புக்கூடுதான் மிஞ்சும். அந்தத் தெருவின் லட்சணம் அப்படி. அவன் படுத்த பிறகு அந்தச் சைக்கிளுக்கும் கடைசியில் அதுதான் நடந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவளும் ஓட்டியவள்தான். பிறகு தேவைப்படவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் காற்றுப் படாமல் உட்கார்ந்தே இத்தனை வருஷம் போய்விட்டது.

"பிரேக்குதான் முக்கியம்" என்றான் தம்பி. "மழையில வழுக்குற ரோடு. அண்ணி வேற பழக்கம் விட்டுப்போனவங்க."

"பிரேக்கு எதுலயும் மாத்திக்கலாம் தம்பி" என்று டைனமோ தொடங்கிவிட்டார். "உக்காந்தா கால் தரையில படணும். அதான் மொதல்ல பாக்கணும். செருப்பு வாங்கும்போது காலப் பாக்காம கலரப் பாக்குற மாதிரி நெறய பேரு..."

"எனக்குக் கேரியர் வேணும்" என்றாள் அவள்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"கேரியர் இல்லாதது ஒரு சைக்கிளா? செவப்பே இருக்கட்டும்."

"பின்னால யாரு உக்காரப்போறா?"

டைனமோகூட அணைந்துவிட்டார்.

"மூட்ட வைப்பேன்."

"என்ன மூட்ட?"

அவளுக்கு என்ன மூட்டை என்று தெரியவில்லை. "ஏதோ ஒண்ணு. எல்லாத்தையும் உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் செய்யணுமா?" என்றாள்.

"கனம்தான்டி முக்கியம்" என்றான் அவன். மூச்சு வாங்கியது, காத்திருந்துவிட்டுத் தொடர்ந்தான். "ரோட்டுல அது உன்னயத் தூக்கும். படியில நீ அதத் தூக்கணும். தெனமும் ரெண்டு தடவ. தம்பி வரமாட்டான், அவனுக்கும் வேல இருக்கு. கறுப்ப எடுத்துக்கோ."

"பிச்சக்காரன் சைக்கிள் மாதிரி இருக்கு."

"அதான் நல்லது. திருடன் தொடமாட்டான்."

தம்பி சிரித்தான். சிரித்த பிறகு அது சரியா என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சரி, அப்புறம் பாக்கலாம். மருந்தக் குடிங்க" என்று அவள் கிண்ணத்தை நீட்டினாள்.

அவன் வாயை மூடிக்கொண்டான். "நீ ஒண்ண எறக்கி ஏத்திட்டு வா. கண்ணால பாத்துட்டுக் குடிக்கிறேன்."

"நாளைக்கு..."

"நாளைக்கா?" என்று கேட்டான். கிண்டலாகத்தான் கேட்டான். அவளால்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவளுக்கு அந்த அறையை விட்டு ஓர் அடிகூட நகர மனமில்லை. நர்ஸ் சொன்னது காதிலேயே நின்றது. ராத்திரி முழுக்க அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவள். அந்த நேரம் வரும்போது கை தன் கையில் இருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவனுக்கு வேண்டியது வேறாக இருந்தது. இரண்டு பேருமே பிடிவாதத்துக்கென்று பிறந்தவர்கள். இத்தனை வருஷத்தில் அவனிடம் அவள் ஜெயித்த சண்டைகள் கொஞ்சம்தான். அன்றைக்கு வேண்டுமானால் விட்டுக்கொடுத்திருக்கலாம்.

விட்டுக்கொடுக்கவில்லை. கிண்ணத்தை அக்காவின் கையில் திணித்தாள். சிவப்புச் சைக்கிளைப் பிடித்தாள்.

"அது இல்லடி, கறுப்பு."

"செவப்பத்தான் எறக்குவேன். செவப்பத்தான் ஏத்துவேன். பாத்துட்டு மருந்தக் குடிங்க."

இறக்குவது சுலபமாக இருந்தது. அதன் கனமே அதைக் கீழே இழுத்துப் போனது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினால் போதும். கீழ்வாசலில் அதைத் திருப்பி நிறுத்தினாள். உடனே தூக்கினாள். முழங்கால் உயரத்துக்குமேல் வரவில்லை. தோளில் ஏற்றும் யோசனையை விட்டுவிட்டு, பின்னாலிருந்து கேரியரையும் சீட்டையும் பிடித்து ஒவ்வொரு படியாக முட்டித் தள்ளிக்கொண்டு ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் கூடை கடகடத்தது. முதல் மாடிக்காரி கதவைத் திறந்து பார்த்தாள். இவளைப் பார்த்ததும் வாயருகே வந்த வசவை விழுங்கிக்கொண்டு மூடினாள்.

இரண்டாவது மாடி தாண்டி ஒரு திருப்பம். அங்கே சுவரை ஒட்டித் தண்ணீர்க் குழாய் ஒன்று முட்டியை நீட்டிக்கொண்டு இறங்கும். ஹேண்டிலின் ஒரு முனை குழாய்க்குப் பின்னாலும் மறு முனை கைப்பிடிக் கம்பிக்குள்ளும் போய்ச் சிக்கிக்கொண்டது. தள்ளினாள், வரவில்லை. இழுத்தாள், அதற்கும் வரவில்லை. அகலம் குறைந்த படி. அவளுக்கும் மேல்மாடிக்கும் நடுவில் சைக்கிள் கதவுபோலக் குறுக்கே நின்றது.

மேலே கதவு திறக்கும் சத்தம். தம்பி பாதிப் படி இறங்கி வந்தான்.

"அண்ணி, நான் இழுக்கவா?"

"தொடாத. தொட்டா உங்க அண்ணன் ஒத்துக்கமாட்டாரு."

"அவருக்குச் சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு. குழாய்ல மாட்டிட்டான்னு சொல்றாரு. தள்ளக்கூடாதாம். உங்க பக்கமா இழுத்து, முன்சக்கரத்த மேல பாத்து நிமித்தணுமாம். தன்னைய எழுப்பி உக்காரவைப்பீங்களே, அப்படியாம். நிமித்திட்டுத் திருப்பினா வந்துரும்ங்கறாரு."

வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. உள்ளங்கை கேரியர் கம்பியில் கன்றிப்போயிருந்தது. மூக்குக்குமேல் கோபம் வந்தது.

"வாய மூடிக்கிட்டுப் படுக்கச் சொல்லு அவர!"

தம்பி மேலே ஓடினான்.

அவள் இன்னொரு தடவை தள்ளினாள். குழாய் கிறீச்சென்றது. மேலே அவன் சிரிப்பது கேட்டது போலிருந்தது, இருமலாகவும் இருக்கலாம். அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். தம்பி திரும்பி வருவான், அடுத்த உத்தரவைச் சொல்வான் என்று பார்த்தாள். வரவில்லை. டைனமோவின் முக்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

பிறகு அக்கா கத்தினாள்.

சைக்கிளை விட்டால் அது அவள்மேலேயே சரியும். ஏறித் தாண்ட முடியாது. ஏதோ கெட்ட வார்த்தை சொன்னாள். யாரைச் சொன்னாள் என்று தெரியாது. பிறகு சைக்கிளைத் தன் பக்கம் இழுத்தாள். சீட்டுக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்தாள். இன்னொரு கையால் குறுக்குக் கம்பியை வளைத்துப் பிடித்துத் தூக்கினாள். கட்டிலில் அவனை எழுப்பும்போது அவன் நெஞ்சு அவள் நெஞ்சில் சாயுமே, அதேபோல் அது நிமிர்ந்து அவள்மேல் சாய்ந்தது. பின்சக்கரத்தில் நின்றபடியே திருப்பினாள். குழாயில் படாமல், கம்பியில் இடிக்காமல், சொன்ன சொல் கேட்கிற பிள்ளை மாதிரி திரும்பியது.

மிச்சப் படிகளை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. அறைக்குள் வந்ததும் சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். ஸ்டாண்டைக் காலால் தட்டி நிறுத்தினாள். அதற்குப் பிறகுதான் கட்டிலைப் பார்த்தாள்.

அவன் கண்கள் கதவுப் பக்கம் இருந்தன.

"பொண்டாட்டி பக்கத்துல இல்லாம போயிட்டானே! ஒரு வாய் மருந்துகூட எறங்கலயே!" என்று அக்கா கிண்ணத்தோடு தலையில் அடித்துக்கொண்டாள். மருந்து அவள் மடியெல்லாம் சிந்தியிருந்தது. டைனமோ கறுப்புச் சைக்கிளின் ஹேண்டிலைப் பிடித்தபடி நின்றார்.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவன் கையை எடுத்தாள். சூடு இருந்தது. அவள் கை கிரீஸும் அழுக்குமாக இருந்தது; அவன் மணிக்கட்டில் கறுப்பாக ஒட்டியது. அதைச் சேலையால் துடைத்தாள். இன்னும் பரவியது.

"சொன்னியா அவருகிட்ட?" என்று தம்பியைப் பார்க்காமலே கேட்டாள்.

"எத அண்ணி?"

"நான் சொன்னத."

தம்பி அண்ணனைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாதவன். "வாய மூடிக்கிட்டுப் படுக்கச் சொன்னாங்கன்னு சொன்னேன்."

"ம்."

"சிரிச்சாரு. 'அப்ப ஏத்திருவா'ன்னாரு. அவ்வளவுதான்."

மறுநாள் கண்ணாடித் தொழிற்சாலை ஆட்கள் வந்தார்கள். தம்பியோடு சேர்ந்து அவனைக் கீழே இறக்கினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டார்கள். ஒருவர் முன்னால் போகச் சொன்னார், ஒருவர் பின்னால் வரச் சொன்னார். மேல்படியில் நின்ற அவள், "தலப்பக்கத்த நிமித்துங்க. நிமித்திட்டுத் திருப்புங்க" என்றாள். அப்படியே செய்தார்கள். இறங்கிவிட்டது. அவள் ஏன் அழவில்லை என்று முதல் மாடிக்காரி யாரிடமோ கேட்டாள். சலவைத் தொழிற்சாலைப் பெண்களில் ஒருத்தி, "உனக்கு அழுகை வந்தா நீ அழு" என்றாள்.

சில நாள் கழித்து டைனமோ வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சிவப்புச் சைக்கிளின் ஹேண்டில் முனையில் பெயிண்ட் உரிந்து கீறல் விழுந்திருந்தது. அதைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"எதும்மா வச்சுக்கறீங்க? ரெண்டுல எதுன்னாலும் சரி. செவப்பக்கூட நீங்க ஏத்திட்டீங்க."

"லேசானது."

"கேரியர் வேணும்னா தனியா ஒண்ணு மாட்டித் தர்றேன். சின்னதா. கனம் தெரியாது."

"வேணாம்."

"சாமான் கீமான் வைக்க..."

"வேணாங்க."

அவர் சிவப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். திருப்பத்தில் இடிக்கும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து போகவில்லை.

வேலைக்குத் திரும்பும் நாளில் அக்கா அவளுக்கு முன்பே எழுந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வானம் இன்னும் இருட்டாகவே இருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போயேன்."

"மெஷின வேற ஒருத்தி பழகிருவா அக்கா."

"தம்பிய வரச் சொல்லியிருக்கலாம். கீழவர எறக்கிக் குடுத்திருப்பான்."

"எதுக்கு?"

அக்கா அவளுடைய தலைமுடியை ஒருமுறை காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். "பின்னால வண்டி வருதான்னு பாத்து ஓட்டு" என்றாள். அதைச் சொன்னதும் குரல் உடைந்தது. உடனே கோபம் வந்ததுபோல், "போ, நேரமாச்சு" என்றாள்.

அவள் கறுப்புச் சைக்கிளை எடுத்தாள். குறுக்குக் கம்பிக்குள் தோளைக் கொடுத்து நிமிர்ந்தாள். இவ்வளவு லேசாக இருக்கும் என்று நினைக்கவில்லை. வேகமாகத் தூக்கியதில் ஓர் அடி தடுமாறினாள். வாசலைத் தாண்டி முதல் படியில் கால் வைத்தாள். அக்கா கதவைச் சாத்தினாள். உள்ளே சாவி திரும்பியது.