பாதி பின்னிய தலை

மறுநாள் காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை எபோவின் வீட்டார் சீர்த் தட்டுகளோடு வந்து நிற்பார்கள். அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மதியம், கல்யாணப் பெண் அராபா தன் தங்கை மன்சாவின் முழங்கால்களுக்கு நடுவே தலையைக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். செக்கொண்டி ஊரில் அந்த வீட்டின் கொல்லைப்புறப் படியில் அவர்கள் இப்படி உட்காருவது இருபது வருஷமாக நடக்கிற கதை. பதினைந்து நாளைக்கு ஒரு சனிக்கிழமை, முதலில் ஒருத்தி தலை, அது முடிந்த கையோடு மற்றவள் தலை. காய்ச்சல், பரீட்சை, காதல் தோல்வி எதற்காகவும் இது தள்ளிப்போனதில்லை.

அராபாவின் முடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இழுத்துப் பிடித்தால் தோளைத் தொடும். கையை விட்டால் காதோடு சுருண்டுகொள்ளும். தண்ணீர் பட்டால் கேட்கவே வேண்டாம், மண்டையோடு ஒட்டிக்கொண்டு நான் இங்கேயே இருக்கிறேன் என்று அடம் பிடிக்கும். அதனால் புதன்கிழமையே கறுப்பு சோப்பு போட்டு அலசி, ஷியா வெண்ணெய் தடவி, கொத்துக் கொத்தாகக் கறுப்பு நூலை இறுக்கிச் சுற்றி நீட்டி விட்டிருந்தார்கள். இரண்டு ராத்திரி அவள் தலையெல்லாம் நூல் கொம்புகளோடு படுத்தாள். எந்தப் பக்கம் புரண்டாலும் ஒரு கொம்பு குத்தியது. கல்யாணத்துக்காக எவ்வளவோ பொறுத்துக்கொள்கிறோம், இதையும் பொறுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலையில் நூலை உருவியபோது முடி நீண்டு கிடந்தது.

வலப்பக்கம் முடிந்துவிட்டது. நெற்றியிலிருந்து உச்சிக்குப் பதினோரு வரிசை, மண்டையோடு ஒட்டிய பின்னல், வகிடு ஒவ்வொன்றும் கோடு போட்ட மாதிரி. மன்சாவின் கைக்கு அந்தத் தெருவிலேயே பெயர் உண்டு. மன்சாவின் சொந்தத் தலையோ அலசி, சிக்கெடுத்து, முறைக்காகக் காத்துக்கொண்டு நாலா பக்கமும் விரிந்து நின்றது.

அப்போதுதான் அராபா வாயைக் கொடுத்தாள். தையற்காரியிடம் போக வேண்டும், நகத்துக்குச் சாயம் போட வேண்டும், இன்றைக்கு உன் தலையைத் தொட எனக்கு நேரம் ஏது என்று ஆரம்பித்தாள். அதோடு விட்டிருக்கலாம்.

"அம்மாவோட விக்கை மாட்டிக்கோடி. நாளைக்கு உன்னை யாரு பாக்கப் போறா?"

தலைக்கு மேலே விரல்கள் நின்றன. மன்சா சீப்பை அக்காவின் இடப்பக்க முடியில் செருகிவிட்டு எழுந்தாள்.

"பாதி பின்னியாச்சு. நீ என் தலையில பாதி பின்னு, அப்புறம் மீதியைப் பத்திப் பேசலாம்."

சொல்லிவிட்டு சமையலறைக்குப் போய் வாழைக்காய் வறுக்க உட்கார்ந்துவிட்டாள். கல்யாணப் பெண்ணிடம் பேரம் பேசுகிறாளே என்று அராபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் இவள் ஒருத்திக்குத்தான் கை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி வந்தாள், பதினோரு பின்னலையும் விரலால் தடவிப் பார்த்தாள், கையை எடுத்துக்கொண்டாள். இது மன்சாவின் கை, தன் கை இன்னும் இறுக்கம், இரண்டு கையையும் ஒரே தலையில் வைத்தால் நாளைக்குப் போட்டோவில் ஒரு புருவம் மட்டும் மேலே ஏறி நிற்கும் என்று சொன்னாள். ஒருத்தி தொடங்கிய தலையில் இன்னொருத்தி நுழைவது அழகில்லை என்றும் சொன்னாள். போகிறபோது சமையலறையில் நுழைந்து நாலு துண்டு வாழைக்காய் வாங்கித் தின்றுவிட்டுப் போனாள்.

சரி, நானே பின்னிக்கொள்கிறேன் என்று கண்ணாடியைத் தண்ணீர் டிரம்மின் மேல் சாய்த்து வைத்தாள் அராபா. மன்சாவின் தலையை இருபது வருஷம் பின்னியவளுக்குத் தன் தலை பிடிபடவில்லை. கண்ணாடியில் இடது வலதாகி, வலது இடதாகி, முதல் பின்னல் காதை நோக்கிப் போய்விட்டது. அவிழ்த்தாள். இரண்டாவது பின்னல் முதலாவதைத் தேடிக்கொண்டு போனது. அதையும் அவிழ்த்தாள். அதற்குள் முடி சிக்கிப்போய் சீப்பின் இரண்டு பல் உடைந்தது. காய்ந்த முடியில் சீப்பைப் போடாதே, நனைத்துவிட்டுப் போடு என்பது அந்த வீட்டில் பால்குடி மறக்கும் முன்பே படிக்கிற பாடம். கோபத்தில் கை பழக்கப்படி போனது. ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து இடப்பக்கத்தில் ஊற்றிக்கொண்டாள்.

ஊற்றின பிறகுதான் நூல் கொம்புகள் ஞாபகத்துக்கு வந்தன. இரண்டு ராத்திரித் தவம் அவள் கண் முன்னாலேயே சுருண்டு சுருண்டு காதுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. வலப்பக்கம் மகாராணி, இடப்பக்கம் மழையில் நனைந்த கோழிக்குஞ்சு. சமையலறை வாசலில் மன்சா பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் நிறைய வாழைக்காயை அடைத்துக்கொண்டதால் சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. அராபாவுக்கு அழுகை வந்தது.

இந்த நேரம் பார்த்து முன்வாசலில் குரல் கேட்டது. எபோவைச் சின்ன வயதிலிருந்து எடுத்து வளர்த்த அத்தை ஒட்டிலியா. எபோவின் ஊரான தார்க்குவாவிலிருந்து வந்து இங்கே உறவுக்காரர் வீட்டில் தங்கியிருப்பவள். சீர்ப் பட்டியலில் ஜின் மது பாட்டில் இரண்டா மூன்றா என்று கேட்க வந்ததாகச் சொன்னாள். வீட்டையும் பெண்ணையும் அலங்காரம் இல்லாமல் ஒரு தடவை பார்த்துவிட வந்திருக்கிறாள் என்பது யாருக்குத்தான் புரியாது? அத்தை சரி என்றால் சரி என்று எபோ நூறு தடவை சொல்லியிருக்கிறான். அத்தையின் தலையில் பளபளவென்று நேர்முடி விக் கோபுரம் மாதிரி நின்றது.

அராபா கையில் கிடைத்த துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். துணி வலப்பக்கம் தட்டையாகவும் இடப்பக்கம் புடைத்துக்கொண்டும் இருந்தது. அத்தை அதையே பார்த்தாள். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்துக்கொண்டே பார்த்தாள். பிறகு துணியை எடுக்கச் சொன்னாள். வேறு வழியில்லாமல் அராபா எடுத்தாள். அத்தை சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. கொல்லைப்புறம் போய், மன்சா எழுந்து போன படியில் உட்கார்ந்து, பாவாடையை ஒதுக்கி முழங்கால்களை விரித்துக்கொண்டாள்.

"வா, உக்காரு. நான் முடிச்சு விடறேன்."

மாமியார் ஸ்தானத்தில் இருக்கிறவள் கூப்பிடுகிறாள். மாட்டேன் என்று யார் சொல்வார்கள்? அராபா கீழ்ப்படிக்குப் பாதி குனிந்துவிட்டாள். அப்போது மன்சாவின் முகம் கண்ணில் பட்டது. அதில் கோபமும் இல்லை, இத்தனை நேரம் இருந்த கேலியும் இல்லை. தன் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிற முகம். நாளைக்கு இந்த நேரம் அக்கா தார்க்குவாவுக்கு வண்டி ஏறியிருப்பாள். அதற்கடுத்த சனிக்கிழமையிலிருந்து இவள் தலை யாருடைய மடியில்? பின்னலுக்காகவா இவள் இத்தனை வீம்பு பிடித்தாள்? அவளைப் பார்த்துத்தான், உன்னை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டிருக்கிறோம். அராபாவுக்கு வெட்கமாக இருந்தது. நிமிர்ந்து நின்றாள்.

"மன்னிச்சுக்குங்க அத்தை. இந்தத் தலை என் தங்கச்சியோடது, அவ தலை என்னோடது. நான் முதல்ல அவளுக்குப் பின்னணும்."

சொன்ன பிறகு, கல்யாணம் போயிற்று என்றே நினைத்தாள். எபோவிடம் என்ன சொல்வது, அம்மா சந்தையிலிருந்து தக்காளியும் வெங்காயமும் சுமந்து வருவாளே, அவளிடம் என்ன சொல்வது என்று மனசு எங்கெங்கோ ஓடியது.

அத்தை ஒட்டிலியா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் விக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே எப்போதோ பின்னிய நாலைந்து பின்னல் தளர்ந்து, வேரில் நரைமுடி பஞ்சாகக் கிளம்பியிருந்தது.

"எம் பொண்ணு குமாசிக்குக் கட்டிக் குடுத்துப் போயி மூணு வருஷமாச்சு. அன்னைக்கு மாட்டினது இந்த விக்கு."

கடையில் பின்னிக்கொள்ளலாமே என்று மன்சா மெதுவாகக் கேட்டாள்.

"பின்னலாம். அவங்க முட்டியில தலைய சாய்ச்சுத் தூங்க முடியுமாடி?"

அதற்குப் பிறகு யாரும் எதையும் யோசிக்கவில்லை. மேல்படியில் அராபா உட்கார்ந்து மன்சாவின் தலையில் வகிடு எடுத்தாள். நடுப்படியில் மன்சா உட்கார்ந்து, அத்தையின் பழைய பின்னலை அவிழ்த்து வெண்ணெய் தடவினாள். கடைசிப்படியில் அத்தை, அங்கே வலிக்கிறது, இங்கே இழுக்கிறாய், உன் கை பரவாயில்லை என்று வாய் ஓயாமல் பேசிவிட்டுப் பாதியில் தூங்கிப்போனாள். சந்தைக் கூடையோடு வந்த அம்மா, மாப்பிள்ளையின் அத்தை தன் வீட்டுக் கொல்லைப் படியில் குறட்டை விடுவதைப் பார்த்துக் கூடையை இறக்கவும் மறந்து நின்றாள். வெளிச்சம் போவதற்குள் மன்சா அக்காவின் நனைந்த பக்கத்தைச் சூடான காற்று மெஷினால் இழுத்து நீட்டி, மீதிப் பதினோரு வரிசையையும் பின்னி முடித்தாள். அந்த இழுப்பில் பழைய கோபம் கொஞ்சம் இருந்தது. அராபா வாயைத் திறக்கவில்லை. ஜின் இரண்டா மூன்றா என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

மறுநாள் எபோவின் வீட்டார் பதினைந்து தட்டுகளோடு வந்தார்கள், ஜின் மூன்று பாட்டில். பெண் வீட்டுச் சார்பில் பேசுகிறவள் வழக்கப்படி மூன்று தடவை கேட்டாள், இந்த பாட்டில்களை வாங்கிக்கொள்ளலாமா என்று. வாங்கிக்கொண்டால் பெண் அவர்களுடையவள். முதல் தடவை அராபா சரி என்றாள், எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டாம் தடவையும் சரி என்றாள். மூன்றாம் தடவை பேசாமல் இருந்தாள். எபோவுக்கு வேர்த்துக் கொட்டியது.

"பதினஞ்சு நாளைக்கு ஒரு சனிக்கிழமை நான் இங்க வந்துடுவேன். என் தங்கச்சி தலை எனக்காகக் காத்திருக்கும். அதுக்கு அவங்க சம்மதிச்சா வாங்கிக்குங்க."

எபோவின் பெரியப்பா, பெண் நிபந்தனை போடுகிற வழக்கம் எங்கேயும் இல்லையே என்று எழுந்தார். அவருக்குப் பின்னால், விக் இல்லாமல், நரையோடு சேர்த்துப் பின்னிய எட்டு வரிசைகளோடு உட்கார்ந்திருந்த அத்தை ஒட்டிலியா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"எபோ, வண்டியில ரெண்டு சீட்டு பிடிச்சிடு. நானும் வருவேன்."

எபோ வேகமாகத் தலையாட்டினான். அராபா கூட்டத்தில் தங்கையைத் தேடினாள். மன்சா தட்டை ஏந்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல், சீக்கிரம் சரின்னு சொல்லித் தொலையேன் என்பது போல முகத்தால் ஜாடை காட்டினாள். அராபா சொன்னாள்.