இடது பக்கத்துச் சீட்டு

விழுப்புரத்திலிருந்து வண்டி வருகிறது என்று சவுரிராயன் வந்து சொன்னபோது ஜெசிந்தா கணவனின் கால்விரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டுவதில்தான் சிக்கல். தென்னரசுவுக்கு இடது காலில் கட்டைவிரல் கிடையாது. சர்க்கரை வியாதி என்று போன வருடம் எடுத்துவிட்டார்கள். வலது கட்டைவிரலை அடுத்த காலின் இரண்டாவது விரலோடு சேர்த்துக் கட்டினால் பாதம் கோணிக்கொண்டது. அவிழ்த்தாள். மறுபடியும் கட்டினாள்.

"மூணு மணிக்கெல்லாம் வந்துருவான். வெள்ளை வேன். ஏசி இருக்குதாம்," என்றார் சவுரிராயன். அவர் தென்னரசுவின் அண்ணன். காலையிலிருந்து போனும் கையுமாக நின்றே ஓய்ந்திருந்தார்.

"ஏசி யாருக்கு?" என்றாள் அவர் மனைவி ஜெயம்.

யாரும் சிரிக்கவில்லை. இந்த மாதிரிப் பேச்சுக்கு முதலில் சிரிக்கிறவன் பெஞ்சின்மேல் படுத்திருந்தான். விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து, மாரை அடைக்கிறது, தண்ணி குடு என்று கேட்டான். சொம்போடு அவள் திரும்பி வருவதற்குள் சாய்ந்துவிட்டான். ஊரில் இத்தனை பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன், தன் முறை வந்தபோது ஒருவருக்கும் பேஜாரு வைக்கவில்லை.

"விழுப்புரம் வண்டி எதுக்குப் பெரியப்பா?" என்றாள் மகள் கவிதா. அழுதழுது குரல் கம்மியிருந்தது. "அப்பா வண்டி இருக்கும்போது?"

சவுரிராயன் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெயம் ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஜெசிந்தா முடிச்சைப் பார்த்தாள்.

"உங்கம்மா சொன்ன வார்த்த மறந்துபோச்சா?" என்றாள் ஜெயம், குரலைத் தாழ்த்தி. "அந்த வண்டி தெருவுக்குள்ள வந்தா அவளுக்கு ஆவாதுடி. ஒரு சாவு போதும்."

திண்டிவனத்தில் கண்ணாடி வண்டியைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. பழைய மெட்டாடர் வேன் ஒன்றின் பின்பக்கத்தை இடுப்பு வரைக்கும் அறுத்தெடுத்துவிட்டு, சுற்றிலும் கண்ணாடி வைத்து, மூலைக்கு ஒன்றாக இறக்கை விரித்த நாலு சம்மனசுகளை நிறுத்தி, உச்சியில் ஒரு கிரீடம் வைத்து, நீல விளக்கு ஓடவிட்ட சவ வண்டி. கிறிஸ்தவர்களுக்கும் அதுதான், இந்துக்களுக்கும் அதுதான். இந்து வீடு என்றால் சம்மனசுகளின் கழுத்தில் சாமந்தி மாலையைப் போட்டுவிடுவான் தென்னரசு, உடனே அவர்கள் தேவலோகத்து ஆட்களாகிவிடுவார்கள். வல்லத்திலிருந்தும் முகையூரிலிருந்தும் அதைக் கேட்டு ஆள் வரும். "என்னை அந்த வண்டியிலதான் எடுத்துக்கினு போவணும்" என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சத்தியம் வாங்கி வைத்த பெரியவர்கள் உண்டு. ஒருவர் நேரிலேயே வந்து கண்ணாடியைத் தட்டிப் பார்த்து, உள்ளே புழுக்கமாக இருக்காதே என்று விசாரித்துவிட்டுப் போனாராம்.

முதலாளி வேறு ஒருவர், ஓட்டியது தென்னரசு. வண்டிக்கு இருந்த பேர் ஓட்டுகிறவனுக்கு இல்லை. கவிதாவுக்கு வந்த முதல் சம்பந்தம், பெண் பார்க்க வந்த அன்று வாசலில் நின்ற அந்த வண்டியைப் பார்த்துவிட்டு, இறங்காமலே காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. கேசரி ஆறிப்போனது. பட்டுப்புடவையோடு கவிதா உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தா தெருவில் இறங்கி நின்று, அக்கம்பக்கமெல்லாம் கேட்கும்படி கத்தினாள்: "இந்த வண்டி இனிமே இந்தத் தெருவுல நுழையக்கூடாது! நுழைஞ்சா என் பொணத்த எடுக்கத்தான் நுழையணும்!"

தென்னரசு வண்டியை எடுத்துக்கொண்டு போய்த் தெருமுனையில் மாவு மில்லை ஒட்டி நிறுத்தினான். அன்றிலிருந்து அதன் இடம் அதுதான். மில் குழாயில் கைகால் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு, வீட்டுக்கு நடந்து வருவான். விரல் போன பிறகும் நொண்டிக்கொண்டு அப்படியேதான் வந்தான். கவிதாவுக்கு வேறு நல்ல இடத்தில் கல்யாணமாகி, விழுப்புரத்தில் குடித்தனமாகி, பிள்ளையும் பிறந்துவிட்டது. வண்டி மட்டும் மில்லைத் தாண்டவில்லை. வேண்டாம் என்று சொன்னவள் போதும், வரட்டும் என்று சொல்லவில்லை. சொல் என்று அவனும் கேட்கவில்லை. மில் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு போக ஜெசிந்தா பழகிக்கொண்டாள்.

"ஜெபமாலை வேணும் ஜெசி. கையில சுத்தணும்," என்றாள் ஜெயம்.

அவள் எழுந்து உள்ளே போனாள். ஜெபமாலை ஃபிரிட்ஜின் மேல் இருந்தது. பக்கத்தில், சோற்றுக்கு ஈ மொய்க்காமல் மூடுகிற வலைக்கூடையின் கீழே, அந்தப் பொம்மை வண்டியும் இருந்தது.

விரல் எடுத்து வீட்டில் கிடந்தபோது பொழுது போகட்டும் என்று மருமகன் புகழேந்தி ஆன்லைனில் வாங்கிக்கொடுத்தது. அட்டைப்பெட்டியின் மேலே கடற்கரையில் நிற்கிற ஒரு சிவப்பு அமெரிக்க வேன் படம். உள்ளே எல்லாம் துண்டு துண்டாகப் பிளாஸ்டிக். ஒட்டி முடித்தால் நிஜ வேனில் இருபத்துநாலில் ஒரு பங்கு வரும் என்று புகழேந்தி விளக்கினான். தென்னரசு படத்தை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு கத்தியை அடுப்பில் காய்ச்சி எடுத்து, முதல் வேலையாக வேனின் கூரையை அறுத்தான்.

"ஐயோ, புதுசா வாங்கினதப் போயி! இன்னா பண்றீங்க?" என்றாள் ஜெசிந்தா.

"கல்யாண வண்டி."

"இன்னா கல்யாண வண்டி?"

"ஊர்வலம் போவுமே, அது."

புடவை டப்பாவின் மூடியை வெட்டிக் கண்ணாடி செய்தான். கிறிஸ்துமஸ் ஸ்டாரில் இருந்த குட்டி பல்புகளைப் பிரித்தெடுத்தான். ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கிறதே என்று ஒரு நாள் முழுக்கச் சலித்துக்கொண்டான். "இத அப்படியே ஓட்டினா செஞ்சி ரோட்டுல எதிர்ல வர்ற பஸ்ஸுக்குள்ள போயிடுவேன்" என்று சொல்லி, அதைப் பெயர்த்து வலது பக்கம் ஒட்டினான். பேத்தியின் ஞானஸ்நானக் கேக்கின்மேல் இருந்த சம்மனசு பொம்மைகளை அவள் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். அவற்றைக் கேட்டு வாங்கி மூலைக்கு ஒன்றாக நிறுத்தியபோதுதான் அவளுக்குப் புரிந்தது. கல்யாண வண்டிக்கு எதற்குச் சம்மனசு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் அவன் உண்மையைச் சொல்லிவிடுவான். சொல்லிவிட்டால் அதை வீட்டில் வைக்க அவள் சம்மதிக்கக் கூடாது. ஆகவே கேட்கவில்லை. "பூ எங்க வைப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள். அவன் நிமிர்ந்து பார்த்து, "கிரீடத்துக்குக் கீழ," என்றான். சரத்திலிருந்து மல்லிகை மொட்டுகளை உதிர்த்து ஊசியில் கோத்து, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மாலை அவளே கட்டிக்கொடுத்தாள். அந்த வீட்டில் பொய் சொன்னது ஒருவர், நம்பியது இருவர்.

ஒரு சம்மனசின் இறக்கை மட்டும் ஒடிந்திருந்தது. அவன் குறட்டால் பிடித்து ஒடித்துக்கொண்டதை அவளே பார்த்தாள். "அவசரக் குடுக்க! வேற ஒண்ணு வாங்கி வைங்க," என்று திட்டினாள். "இதுவே போதும்" என்று, ஒடிந்ததைப் பச்சையாக ஏதோ பசை வைத்து, கோணலாக ஒட்டினான்.

கடைசி வேலை போன வாரம். "அந்த நீல வாயில் பொடவ இருக்குதா? கொஞ்சம் துணி குடு."

"எதுக்கு?"

"சீட்டுக்கு."

"சீட்டுக்கு ரெக்சின் போடுவாங்க. பொடவையவா போடுவாங்க?"

"டிரைவர் சீட்டுக்கு ரெக்சின்தான். இது பக்கத்துச் சீட்டு."

கரையோரமாகக் கிழித்துக் கொடுத்தாள். இடது பக்கம், ஸ்டியரிங்கைப் பெயர்த்தெடுத்த இடத்தில், அவன் தீப்பெட்டி அட்டையில் ஒரு சீட்டு செய்து அந்தத் துணியைச் சுற்றி ஒட்டினான்.

ஜெபமாலையைக் கவிதாவிடம் கொடுத்துவிட்டு ஜெசிந்தா கேட்டாள்: "ரஞ்சித் வந்தானா?"

ரஞ்சித் வண்டியில் தென்னரசுவுக்கு உதவி. விரல் போன பிறகு பாதி நாள் அவன்தான் ஓட்டினான்.

"தெருமுனையில நிக்கிறான்மா. வண்டிய கழுவி, பூவெல்லாம் கட்டிக்கினு, காலையிலிருந்தே நிக்கிறான். உள்ள வரல. நீ திட்டுவியாம்."

ஜெசிந்தா வலைக்கூடையைத் தூக்கினாள். பொம்மை வண்டியை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் காலை ஒதுக்கி வழிவிட்டார்கள்.

"ஜெசி! எங்கடி போற, பொணத்த வச்சிக்கினு?" என்றாள் ஜெயம்.

அவள் நிற்கவில்லை. தெருவில் வெயில் கொளுத்தியது. ஏலத்துக்குக் கமிட்டி யார்டு போகிற மல்லாட்டைக் கடலை மூட்டை லாரி ஒன்று முனையில் திரும்பிப் போனது. மில்லை ஒட்டி வண்டி நின்றது. இத்தனை வருடமாகத் திருப்பிக்கொண்ட முகத்தை இன்று அவள் திருப்பிக்கொள்ளவில்லை.

குந்தியிருந்த ரஞ்சித் பதறி எழுந்தான். "நான் உள்ள வரல அண்ணி. சும்மா... அண்ணனுக்குன்னு... இங்கயே நின்னுட்டுப் போயிடறேன்."

அவள் காதில் அது விழவில்லை. வண்டியைச் சுற்றி வந்தாள். கிரீடம். அதன் கீழே சாமந்திச் சரம். கண்ணாடி. பின்பக்கத்துச் சம்மனசுக்கு ஒரு இறக்கை ஒடிந்து, பச்சையாகப் பசை பிதுங்க, கோணலாக ஒட்டியிருந்தது.

"இது எப்ப ஒடஞ்சுது?"

"அது ரொம்ப வருசம் ஆச்சுண்ணி. வல்லத்துல ஒரு வேப்பங்கெளையில மாட்டிக்கிச்சு. அண்ணன்தான் ஒட்டினாரு. மாத்தலாம்னு வண்டி மொதலாளி சொன்னப்ப, வேணாம், இத்தன வருசம் கூட வந்துது, இருக்கட்டும்னுட்டாரு."

ஜெசிந்தா கையிலிருந்ததைப் பார்த்தாள். அவசரக் குடுக்கை என்று திட்டினாளே. அவன் அவசரப்படவே இல்லை. வேண்டுமென்றே ஒடித்து, அதே கோணலில் ஒட்டியிருக்கிறான். அவள் ஒரு தடவைகூட ஏறெடுத்துப் பார்க்காத வண்டியை, ஒரு கீறல் குறையாமல், அவள் கண் படுகிற இடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. மில்லின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். ரஞ்சித் தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு முந்தானையால் துடைத்துக்கொண்டு முன்கதவைத் திறந்தாள். வலது பக்கம் டிரைவர் சீட்டு, முதுகு படிந்து பள்ளம் விழுந்திருந்தது. இடது பக்கம் சீட்டே இல்லை. பேட்டரி, ஆம்ப்ளிஃபயர், கயிற்றுச் சுருள், ஒரு கட்டு ஊதுவத்தி.

"இந்தப் பக்கம் சீட்டு இல்லியா?"

"இல்லண்ணி. பேட்டரி வைக்கறதுக்காக மொதல்லயே எடுத்துட்டாங்க. நான்கூட பின்னாலதான் குந்தினு வருவேன். அண்ணன் ஓட்டும்போது எப்பவும் முன்னால தனியாத்தான்."

அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். கையில் இருந்த வண்டியின் இடது பக்கத்தில் நீல வாயில் துணி வெயிலில் தெரிந்தது.

"இந்தச் சாமானையெல்லாம் பின்னால போடு. மில்லுல ஒரு ஸ்டூல் கேளு. இழுத்துக் கட்டு."

"யாருக்குண்ணி?"

"கட்டுடா."

அவன் கட்டினான். கட்டிவிட்டுத் தயங்கி நின்றான். "இப்ப இன்னாண்ணி பண்றது?"

"இன்னா பண்றது? தெருவுக்குள்ள எடுத்துக்கினு வா."

"நீங்க அன்னிக்கு..."

"வரக்கூடாதுன்னு சொன்னவ நான்தான? நானே வந்து கூப்புடுறேன். ஜல்தி வா. நாலு மணிக்குக் கோயில்ல இருக்கணும்."

அவள் முன்னால் நடந்தாள். கண்ணாடி வண்டி நடைவேகத்தில் அவள் பின்னால் வந்தது. தெருவில் வாசலுக்கு வாசல் ஆட்கள் எழுந்து நின்றார்கள். பந்தலடியில் ஜெயம் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஏங்க, அந்த விழுப்புரத்துக்காரனுக்கு போனப் போடுங்க," என்றாள் புருஷனிடம். சவுரிராயன் ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தார். "ஆமாம்பா, வேணாம். எங்க வண்டி வந்துருச்சு."

ஃபாதர் வந்து ஜெபம் செய்தார். பெட்டியைக் கண்ணாடிக்குள் தள்ளினார்கள். ஆண்கள் முன்னால் நடக்க வரிசை கட்டினார்கள். ஜெசிந்தா யாரையும் கேட்காமல் முன்பக்கம் போய், கம்பியைப் பிடித்து ஏறி, இடது பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். பொம்மை வண்டியை மடியில் வைத்துக்கொண்டாள். உயரத்திலிருந்து பார்க்கத் தெரு வேறு மாதிரி இருந்தது. முன்கண்ணாடியில் ஒரு பழைய குருத்தோலைச் சிலுவை ஆடிக்கொண்டிருந்தது. அது போன வருடம் குருத்தோலை ஞாயிறன்று கோயிலிலிருந்து வந்து அவள் பின்னிக் கொடுத்தது.

ரஞ்சித் வண்டியை எடுத்தான். தெருமுனைக்கு வந்ததும், மில்லை ஒட்டி, பழக்கத்தில் அவன் கால் பிரேக்கை மிதித்தது. வண்டி நின்றுவிடும்போல் தேங்கியது.

"போ," என்றாள் ஜெசிந்தா.

ரோடு அங்கிருந்து கொஞ்ச தூரத்துக்குக் குண்டும் குழியுமாக இருந்தது. ஒட்டிய இடம் விட்டுவிடாமல் இருக்க, மடியில் இருந்த சம்மனசின் இறக்கையை அவள் ஒரு விரலால் பிடித்துக்கொண்டாள்.