பஞ்சு புகாத டிரைவ்

திருப்பூரை ஒட்டிய அருள்புரத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள் சித்ராதேவி. 2002-ல் ஒரு நாள், பிளாப்பி டிரைவ் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு அந்தோணிராஜ் வந்தான். நாசரேத் பக்கத்துக்காரன். மயில்சாமியின் பனியன் கம்பெனியில் எம்பிராய்டரி மெஷின் ஓட்டுகிறவன். துணியில் போடவேண்டிய பூ, எழுத்து எல்லாம் பிளாப்பியில்தான் மெஷினுக்குள் போகும்.

“அடிக்கடி கெட்டுப்போகுதுக்கா. புதுசு மாத்தினாலும் இதே கதைதான்.”

கழற்றிப் பார்த்தாள். உள்ளே பிளாப்பியைப் படிக்கும் தலைப்பகுதியைச் சுற்றிப் பஞ்சு திரியாக முறுக்கிக்கொண்டிருந்தது. சுத்தம் செய்து கொடுத்தாள். அடுத்த மாதமே திரும்பி வந்தான். ஏசி அறைக்காகச் செய்த பொருள் திருப்பூர்க் காற்றில் எப்படிப் பிழைக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

டிரைவுக்கு ஒரு தகரக் கூடு செய்தாள். சூடாகாமல் இருக்கச் சின்ன விசிறி வைத்தாள். அது பஞ்சை இன்னும் உள்ளே இழுத்தது. விசிறியை எடுத்துவிட்டு, இடுக்குகளை அடைத்து, பிளாப்பி செருகும் வாய்க்கு ரப்பர் மூடி போட்டாள். அந்த டிரைவ் கெடவில்லை.

மயில்சாமி நேரில் வந்தார். “ஏனுங் அம்மிணி, மிச்ச மெஷினுக்கும் இதேமாதிரி செஞ்சு குடுத்துருங்க.”

அவர் சொல்லி அவிநாசி, பல்லடம் என்று ஆட்கள் வந்தார்கள். அந்தோணிராஜ் வேலையை விட்டுவிட்டுக் கூட்டாளியாகச் சேர்ந்தான். கடை ஷெட் ஆனது. பனியன் கம்பெனிகளில் பிசிர் நூல் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் சாலிடரிங் பழகினார்கள். ‘தேவி டிரைவ்ஸ்’ என்ற பெயர் லூதியானா வரை போனது.

நல்ல பிளாப்பி கிடைப்பது குறைந்துகொண்டே வந்தபோது, அதே இடத்தில் பொருந்தி, பென்டிரைவிலிருந்து டிசைனை எடுத்துக்கொடுக்கும் டிரைவ் ஒன்றை அவள் செய்து காட்டினாள். உள்ளே சுழல்கிற பாகமே இல்லை. அந்தோணிராஜுக்குப் பிடிக்கவில்லை.

“கெடாத பொருளை வித்துட்டா, திரும்ப நம்மகிட்ட யாருக்கா வருவா?”

“கெடும்னு தெரிஞ்சே விக்கச் சொல்றியா தம்பி?”

சில வாரங்கள் இருவரும் அளந்துதான் பேசிக்கொண்டார்கள். பிறகு அவிநாசியில் புதிதாக இறங்கிய மெஷின் ஒன்றை அவன் பார்த்தான். அதில் பிளாப்பிக்கு வாயே இல்லை; பென்டிரைவ்தான். திரும்பி வந்து, “அந்தப் புது டிரைவைக் காட்டுங்கக்கா” என்றான்.

2008 கடைசியில் வெளிநாட்டு ஆர்டர்கள் நின்றன. ஊரெங்கும் கம்பெனிகள் மூடின. தேவி டிரைவ்ஸுக்கோ கேட்ட அளவுக்குச் செய்துகொடுக்க முடியவில்லை. மூடியவர்கள் விற்ற பழைய மெஷின்களை வெளியூர்க்காரர்கள் வாங்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் பிளாப்பிக்குப் பதிலாக இந்தப் புது டிரைவ் தேவைப்பட்டது. மயில்சாமியும் விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டதும் சித்ராதேவி ஆர்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

“நம்ம என்ன தப்புக்கா செஞ்சோம்?” என்றான் அந்தோணிராஜ்.

“தப்புன்னு சொல்லல. எதனால வளர்றோம்னாவது தெரிஞ்சிருக்கோணுமில்ல?”

அவனும் உட்கார்ந்துவிட்டான். “என்னைய மெஷின்ல உக்கார வச்சதே அவருதான்” என்றான்.

மறுநாள் இருவரும் மயில்சாமியின் வீட்டுக்குப் போனார்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் என்று நினைத்து அவர் காபி போடச் சொன்னார். சித்ராதேவி தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். “வெளியூர்ல டிரைவ் மாட்டிக் குடுக்க, மெஷின் தெரிஞ்ச ஆள் வேணுங்க.”

“மொதலாளியா இருந்த ஊர்ல இன்னொருத்தர்கிட்ட வேலைக்குப் போறது சுலுவில்லீங்க அம்மிணி” என்றார்.

“வேலை வெளியூர்லதானுங்க.”

அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. “யோசிக்கிறனுங்க.”

அடுத்த வாரம் ஷெட்டுக்கு வந்தார். அவரைப் பார்த்ததும் பெண்கள் எழுந்து நின்றார்கள். அவர்களில் சிலர் அவரிடம் வேலை பார்த்தவர்கள். “உக்காருங்க கண்ணு, நானும் இங்கத்த ஆளுதான்” என்றார். அந்தோணிராஜ் டிரைவ்கள் இருந்த பையை எடுத்துத் தரப் போனான். அவர் தடுத்து, தானே தோளில் மாட்டிக்கொண்டு, முதல் மெஷினுக்காக ஈரோடு பஸ்ஸுக்கு நடந்தார்.