நெருக்கத் தையல்

துர்காதேவி பிறவிப் பிடிவாதக்காரி. பி.எஸ்சி. முடித்தபின் அதற்கு ஒரு பட்டமும் சேர்ந்துகொண்டது. ஆந்திர எல்லை ஊரான நகரியில் அவர்கள் வீட்டிலிருந்து காலேஜ் படியை மிதித்த முதல் ஆள் அவள்தான். வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, அம்மாவின் பழைய மிஷினில் தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு ஹரிதா ஒருநாள் பனியன் துணி ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். இண்டர், அதாவது பிளஸ் டூ, படிக்கிற பெண், கபடியில் புலி. திருப்பதியில் ஜூனியர் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், உடம்போடு ஒட்டின பேண்ட் வேண்டும்.

“ரப்பர் மாதிரி இழுக்குதுக்கா. நம்ம மிஷின்ல வருமா?”

“ஏன், இது இன்னா வானத்துலேர்ந்து வந்த துணியா? போ, நாளைக்கு வந்து வாங்கிக்கோ.”

போனில் ஒரு வீடியோ பார்த்தாள். முனை மழுங்கின ஊசி போடு, நூலைத் தளர்த்து, தைக்கும்போது துணியை லேசாக இழுத்துக் கொடு, அப்போதுதான் தையலும் துணியோடு சேர்ந்து நீளும் என்றாள் அதில் ஒருத்தி. பாதியிலேயே நிறுத்திவிட்டாள் துர்கா. அவள் நைனா தணிகைவேல் பவர்லூம் ஓட்டுகிறவர். இழை நெருங்கினால்தான் துணி உறுதி என்பது அந்த வீட்டில் வேதம். தறிக்காரன் மகளுக்கு எவளோ வந்து துணியைப் பற்றிச் சொல்வதா? ஜாக்கெட் தைக்கிற அதே கூர் ஊசி. தையலை ஆகச் சின்னதாக வைத்தாள். நூலை முறுக்கேற்றினாள். எறும்பு வரிசை மாதிரி அழகாக வந்தது.

கையில் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்த்தாள். டப்.

ஒரே ஒரு இடத்தில்தான் நூல் அறுந்திருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தையல் ஓரம் முழுக்க ஊசி குத்திய பொடி ஓட்டைகள். அறுந்த இடத்தின் மேல் இன்னும் இரண்டு வரி ஓட்டி, இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்தாள். தெரியாமல் கொடுக்கவில்லை. தெரிந்தேதான் கொடுத்தாள்.

செலக்ஷனுக்கு ஹரிதாவின் அம்மா சுந்தரி துணைக்குக் கூப்பிட்டதால் துர்காவும் போனாள். தெலுங்கு ஃபாரம் நிரப்ப ஆள் வேண்டுமே. திருப்பதி மைதானத்தில் நல்ல வெயில். மூன்றாவது தடவை பாடிப் போன ஹரிதா, ஒருத்தியின் காலைத் தொடச் சட்டென்று குந்தினாள். சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற துர்காவுக்கே கேட்டது. தொடை உள்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் ஹரிதா முட்டியை இறுக்கிக்கொண்டு ஆட்ட விரிப்பிலேயே உட்கார்ந்தாள். யாரோ துண்டு கொடுத்த பிறகுதான் எழுந்தாள். சுடிதார் பேண்டோடு திரும்ப ஆடினாள். காலில் சுற்றி விழுந்தாள். லிஸ்டில் பெயர் வரவில்லை.

“அப்பவே சொன்னேன், வாயக் கட்டுடின்னு,” என்று சுந்தரி மகளைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். “தொடய பாரு, தூண் மாதிரி. துணி இன்னா பண்ணும்? நீயே சொல்லு துர்கா, நீ அளவெடுத்தவ.”

இரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். வாயைத் திறக்க அதைவிட நல்ல நேரம் ஏது?

திறந்தாள். “கொஞ்சம் வெயிட் போட்டுக்கினா போலக்கீது, அத்தே.”

திரும்புகிற பஸ்ஸில் வாங்கிக் கொடுத்த வடையை ஹரிதா தொடவில்லை. அப்புறம் வீட்டில் சோற்றையும் தொடவில்லை. காலையில் ஒரு டீ, மதியம் அரை டம்ளர் மோர். ஐந்தாம் நாள் குழாயடியில் குடத்தோடு சாய்ந்தாள். மீதி இரண்டு இடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் மறுபடி ஆள் எடுக்கிறார்கள் என்று கோச் போன் பண்ணினார். “ஒடம்பு எளைக்கட்டும் சார், அடுத்த வருஷம் பாக்கலாம்,” என்று ஹரிதா போனை வைத்துவிட்டாள்.

காலேஜில் கூடப் படித்த ஒருத்தியைக் குண்டு என்று சொன்னவனைத் துர்கா கேண்டீனிலேயே நிற்கவைத்துக் கேட்டிருக்கிறாள். அந்த வாய்தான் இது. நினைக்க நினைக்கக் காறித் துப்பவேண்டும் போலிருந்தது. துப்பினால் தன் முகத்தில்தான் விழும்.

அன்று மத்தியானமே சுந்தரி வீட்டுக்குப் போனாள்.

“அத்தே, தப்பு என்னுது. தையல் சரியில்ல. குடுக்கும்போதே எனக்குத் தெரியும்.”

சுந்தரி சிரித்தாள். “இவ பட்டினி கெடக்கறான்னு நீ பழிய எடுத்துக்கினியா? படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான். போம்மே, உன் தையல பத்தி எனக்குத் தெரியாதா?”

துர்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொன்னபோது உடனே நம்பினார்களே! உண்மையைச் சொன்னால் நல்லவள் பட்டமா?

“அந்த பேண்ட குடுடி.”

ஹரிதா சுவரோரம் படுத்தபடியே கொடியைக் காட்டினாள். துர்கா அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரு கால்தான் பிளந்திருந்தது, இன்னொரு கால் முழுசாக இருந்தது. போட்டுக்கொண்டு, மேலே டாப்ஸோடு வெளியே வந்தாள்.

“நான் குண்டா அத்தே?”

“நீயா? காத்தடிச்சா புத்தூர்ல போய் வுழுவ.”

“பாத்துக்கோ.”

திருப்பதியில் ஹரிதா குந்தியது போலவே ஒரு காலை நீட்டிக் குந்தினாள். டப், டப், டப். அடுத்த காலும் முட்டிவரை பிரிந்துகொண்டு போனது.

சுந்தரி வாயில் கை வைத்தாள். ஹரிதா எழுந்து உட்கார்ந்து அந்தக் கிழிசலையே பார்த்தாள்.

“அப்ப நான் குண்டுனால இல்ல.”

“இல்ல.”

“திருப்பதிலயே சொல்லியிருக்கலாமில்ல?”

துர்கா முட்டியை இறுக்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“ஞாயித்துக்கெழமைக்கு வேற தெச்சித் தரேன். சரியான ஊசி போட்டு...”

“வேணா. கடையில வாங்கிக்கறேன்.” ஹரிதா அம்மா பக்கம் திரும்பினாள். “சோறு போடு.”

சுந்தரி தட்டெடுக்க ஓடினாள். ஹரிதா துர்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிசைந்து பிசைந்து தின்றாள். இரண்டாம் தடவை சோறு வாங்கும்போதுதான் கொடியில் கிடந்த துண்டை இடது கையால் இழுத்து, திரும்பாமலே பின்னால் எறிந்தாள்.

துர்கா அதைச் சுற்றிக்கொண்டு எழுந்தாள்.