உருளைக்கிழங்குக்கு விதை போட்ட கதை

1

இந்தக் கதை ஒரு காயிலிருந்து வந்தது. எனக்கு அவ்வளவாகக் கற்பனை கிடையாது. போன வருஷம் பலமனேரில் தன் சித்தி வீட்டு நிலத்திலிருந்து என் மனைவி ரோஜா ஒரு பிடி பச்சைக் காய்களை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். பார்த்தால் குட்டித் தக்காளி. உருளைக்கிழங்குச் செடி பூத்துக் காய்த்ததாம். தின்றால் விஷம், ஆனால் உள்ளே விதை இருக்கிறது.

"கெழங்க நட்டா தாய்ச்செடி மாதிரியே வரும் மாமா. வெதைய போட்டா ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. எது வரும்னு யாருக்கும் தெரியாது."

தெரியாததில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். எனக்கு இன்றுவரை புரியவில்லை.

2

முதல் தொடக்கம்: சத்தியவேட்டில் நரசிம்மன் என்றொருவன். ஸ்ரீசிட்டி ஃபேக்டரியில் வேலை. எதற்கும் கலங்காதவன். ஒரு நாள் அவன்—

(வேண்டாம். ரோஜா எட்டிப் பார்த்துவிட்டாள். "யாரு இந்த நரசிம்மன்? கலங்காதவனா? நீ பேய் முழி முழிச்சிக்கினு கீற, அவன் மட்டும் எப்டி?")

இரண்டாம் தொடக்கம்: கார்த்திகையில், தோட்டத்து பெயிண்ட் பக்கெட்டில் விதை முளைத்தது. நூல் நூலாக நாற்று. என் அம்மா செல்லியம்மா குனிந்து பார்த்தாள்.

"கெழங்கு வாங்கி நட்டா இன்னா கொறஞ்சா பூடும்? எங்க வெதயோ. எப்டி வளருமோ."

"வளக்கறாப்பல வளரும் அத்தை."

அவர்கள் பேசியது செடியைப் பற்றி இல்லை என்று எனக்கு உறைக்கவே இரண்டு நாள் ஆனது. நீங்களும் குழம்பவேண்டாம், சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. தத்தெடுக்கப் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம். இப்போது மாசி. நேற்று திருப்பதி தத்து மையத்திலிருந்து ஃபோன் வந்தது. ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. வேண்டுமா வேண்டாமா என்று கேட்க இன்று சாயங்காலம் மறுபடி கூப்பிடுவார்கள்.

"அம்மா ஒத்துக்கணுமே" என்றேன் ரோஜாவிடம்.

"அத்தை ஒத்துக்கணுமா, நீ ஒத்துக்கணுமா?"

இங்கே கதாநாயகன் ஏதாவது பேசியாக வேண்டும். நாலு வாக்கியம் எழுதி நாலையும் அடித்துவிட்டேன்.

3

(செடியையும் குழந்தையையும் சேர்த்து எழுதட்டுமா என்று கேட்டதற்கு ரோஜாவுக்கு வந்ததே கோபம். "எம்பொண்ண கெழங்கோட சேத்து எழுதுனீன்னா பேப்பர கிழிச்சி அடுப்புல போட்ருவேன்." எம்பொண்ணு! இன்னும் முகம்கூடப் பார்க்கவில்லை. எனக்கு பயமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது.)

(இன்னொரு குறிப்பு, பின்னால் தேவைப்படும். எங்கள் வீட்டில் முதல் விளைச்சலை அவித்து, ஆளுக்கொரு கூறு வைத்த பிறகுதான் யாரும் வாயில் வைப்போம். வீட்டு ஆள் வெளியே போயிருந்தாலும் கூறு உண்டு. எனக்கு நைட் ஷிஃப்ட் என்றால் என் கூறைத் தட்டு போட்டு மூடி வைத்திருப்பாள் அம்மா.)

4

இன்று மதியம் ரோஜா பக்கெட்டைக் கவிழ்த்தாள். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை, ஒன்று விரல் போல நீளம். பெரியதே நெல்லிக்காய் அளவுதான். பலமனேர்க் கிழங்கின் சாடை ஒன்றில்கூட இல்லை. அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். அவித்து, தோலுரித்து, கூறு வைத்தாள்.

எனக்கு ஒன்று. ரோஜாவுக்கு ஒன்று. தனக்கு ஒன்று. பிறகு நாலாவதாகக் கொஞ்சம் எடுத்து, காரம் போடாமல், நெய் விட்டுக் குழையப் பிசைந்தாள்.

அம்மாவுக்குப் பல் கிடையாது. பிசைந்தது தனக்காகவும் இருக்கலாம். கதையை அப்படித் திருப்பிவிடலாம் என்று அவசரமாக ஒரு வரி எழுதினேன். அதற்குள் அம்மா தன் கூறை எடுத்து ஈறால் மென்று தின்ன ஆரம்பித்துவிட்டாள். பிசைந்ததை ஒரு தட்டால் மூடி வைத்தாள்.

ரோஜா அழுதாள். நான் எழுதிய வரியை அடித்தேன். இனி அம்மாவைச் சாக்குச் சொல்ல முடியாது.

5

முடிவு ஒன்று: நரசிம்மன் திடமான குரலில்—

முடிவு இரண்டு: சிக்னல் கிடைக்காமல்—

"கதைய மூடு மாமா. ஃபோன் அடிக்குது."

எடுத்துவிட்டேன். "செப்பண்டி சார்", சொல்லுங்கள் என்கிறது திருப்பதிக் குரல். நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். ரோஜா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அம்மா அந்தத் தட்டின் மேல் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள்.